குழி நடுவில் ஒரு திட்டு

அந்த வருஷம் ஆவணி மாதத்தில், தென்னாற்காடு ஜில்லா முழுக்க மழை வேண்டும் வேண்டும் என்று தவித்துக் கிடந்தபோது, மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் அம்சவள்ளி ஒருத்தியாகத்தான் இருப்பாள். மயிலம் மலையில் முருகனுக்குக் குடம் குடமாக அபிஷேகம் நடந்தது. மாதா கோயிலில் கட்டுக் கட்டாக மெழுகுவத்தி எரிந்தது. இவள் மட்டும் வறண்ட ஏரிக்குள் மண்வெட்டியோடு நின்றுகொண்டு, மேற்கே கறுத்து வந்த மேகத்தைப் பார்த்து, "இன்னிக்கி வாணாம். சாயங்காலம் வரிக்கும் வாணாம்" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் யார் காதிலாவது விழுந்திருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

காரணம் இல்லாமல் அப்படி வேண்டிக்கொள்வாளா?

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றிவிட்டது. மல்லாட்டை என்று இந்தப் பக்கம் சொல்கிற கடலையை விதைத்தவர்களுக்கு விதைகூடத் திரும்பவில்லை. கடலை இல்லையென்றால் திண்டிவனத்தில் எண்ணெய் மில் ஓடாது. மில் ஓடாவிட்டால் மூட்டை தூக்குகிறவனுக்கும் வேலை இல்லை, கடலை புடைக்கிற பெண்களுக்கும் வேலை இல்லை, மில் வாசலில் டீ ஆற்றுகிறவன் யாருக்கு ஆற்றுவான்? அம்சவள்ளியின் புருஷன் சவுரிராயன் அப்படி ஒரு மில்லில் பதினோரு வருஷம் மூட்டை தூக்கியவன். ஒரு நாள் முதலாளி கதவுக்குப் பூட்டைப் போட்டுவிட்டு, "மழை வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றார். பதினாலு மாதம் ஆகியும் சொல்லி அனுப்பவில்லை. பாவம், மழை அவர் கையிலா இருக்கிறது.

பங்குனியில் வீட்டில் கேழ்வரகுக் கூழுக்கும் வழியில்லாமல் போனது. அப்போதுதான் ஒன்பது வயசு மகள் இருதயமேரியை விழுப்புரத்தில் ரயில்வே கார்டு ஒருவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பாத்திரம் துலக்க வேண்டும், மூன்று வேளைச் சோறு. "மழை வந்ததும் வந்து இட்டுக்கினு போறேன்" என்று அம்சவள்ளி சொல்லிவிட்டு வந்தாள். முதலாளி சொன்ன மாதிரியேதான் தானும் சொல்லியிருக்கிறோம் என்பது பஸ் கூட்டேரிப்பட்டு தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. அது எப்போதும் சும்மா இருப்பதில்லை, கொஞ்சம் நிதானமாக அசையும், அவ்வளவுதான். ஆடி பிறந்ததும் வறட்சி நிவாரணம் என்று பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் இவர்கள் ஊர் ஏரியைத் தூர் எடுக்க உத்தரவு வந்தது, வேலை தொடங்க ஆவணி ஆகிவிட்டது. இரண்டு ஆளுக்கு ஒரு குழி. பத்தடி நீளம், பத்தடி அகலம். வெட்டிய மண்ணைத் தலையில் சுமந்து கரையில் கொட்ட வேண்டும். பத்து நாளைக்கு ஒரு தடவை ஓவர்சியர் வந்து அளந்து, ஆழத்துக்குத் தகுந்தபடி அரிசிக் கூப்பன் கிழித்துக் கொடுப்பார்.

ஆழத்தை அளப்பதற்கு ஒரு முறை இருந்தது. ஏரித் தரை ஒரே மட்டமாக இருக்காது, குழியின் விளிம்பும் மண் சுமக்கிறவர்கள் மிதித்து மிதித்துச் சரிந்துவிடும். ஆகையால் குழியின் நடுவில் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் தூண் மாதிரி விட்டுவிட வேண்டும். அதைத் திட்டு என்பார்கள். அதன் தலையில் பழைய புல் வேர் அப்படியே இருக்கும். ஓவர்சியர் திட்டின் தலையிலிருந்து அடிவரை டேப்பைப் பிடிப்பார். அந்த உயரம்தான் வேலை. திட்டு இடிந்துபோனால் அளவு இல்லை, அளவு இல்லாவிட்டால் அரிசி இல்லை. திட்டின் தலையில் ஒரு சாண் புல்கட்டியை ஒட்டவைத்து ஆழத்தைக் கூட்டிக் காட்டுகிற கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். அந்த வித்தையும் ஓவர்சியருக்குத் தெரியும், புல்லைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார்.

வியாழக்கிழமை விழுப்புரத்திலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. டீக்கடைப் பெரியசாமி படித்துச் சொன்னார். ரயில்வே கார்டு வீட்டம்மா காந்திமதி எழுதியிருந்தாள். அவள் புருஷனுக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல். திங்கட்கிழமை காலை வண்டிக்குக் கிளம்புகிறார்கள். மேரியையும் அழைத்துப் போவதாக இருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு இஷ்டம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கூட்டிப் போகலாம்.

"பாலக்காடு எங்க கீதுங்க?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"மலையாள தேசம். கோயமுத்தூருக்கும் அந்தாண்ட" என்றார் பெரியசாமி.

கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்க வெட்கப்பட்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கெழமை போய் இட்டுக்கினு வந்துடறேன்" என்று புருஷனிடம் சொன்னாள்.

சவுரிராயன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "இட்டுக்கினு வந்து இன்னா குடுப்ப? அங்க மூணு வேளையும் துன்னுது. பாலக்காடு போனாலும் துன்னும்."

"அவ்ளோ தூரம் பூட்டா நான் எங்கன்னு போய்த் தேடுவன்? எனுக்கு ஒரு எழுத்துத் தெரியுமா?"

"சனிக்கெழமை அளவு. அரிசி ஊட்டுக்கு வந்துச்சின்னா போய்க் கூட்டியா. வரலன்னா நீ விழுப்புரம் பக்கம் தலை வெச்சிப் படுக்கக் கூடாது. வெறும் பானைக்கு முன்னால புள்ளைய உக்கார வெக்க என்னால முடியாது, அம்சா."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்ன ஓவர்சியர் ஒரு மணிக்கும் வரவில்லை. முப்பத்தெட்டுக் குழிகளில் முப்பத்தெட்டுத் திட்டுகள் நின்றன. அம்சவள்ளியின் குழி மூன்றடிக்குக் குறையாது. மூட்டை தூக்கிய உடம்பு வெட்டியது, பிள்ளையை விட்ட வயிறு சுமந்தது. அடுத்த குழி முனியம்மாளுடையது. மூன்று ஏக்கர் நிலமும் வறண்ட கிணறும் உள்ள வீட்டுக்காரி. நல்ல காலத்தில் அவள் கொல்லையில்தான் அம்சவள்ளி களை எடுப்பாள். தாகம் என்றால் முனியம்மாள் செம்பை உயரத் தூக்கி இவள் உள்ளங்கையில் ஊற்றுவாள். அந்த முனியம்மாள் வேலைக்கு வந்த முதல் வாரம் முழுக்க, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டுதான் மண் சுமந்தாள். புருஷன் கண்ணையன் நாலாம் நாளே காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒண்டியாக அவளால் இரண்டடிக்கு மேல் இறங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவள் தன் திட்டின் தலையில் ஒரு புல்கட்டியைப் பதமாக வைத்துத் தட்டியதை அம்சவள்ளி பார்த்தாள். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு மழை இறங்கிவிட்டது.

முதல் துளிகள் பொட்டுப் பொட்டாக விழுந்தபோது மண் வாசனை எழுந்தது. பிறகு கொட்டத் தொடங்கியது. இரண்டு வருஷம் மழையைக் காணாத ஜனம், பத்து நாள் பாடு நடுக்குழியில் நிற்பதை மறந்துவிட்டது. பெரியவர்கள் வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தார்கள். நிலம் உள்ளவர்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பை அடைக்க, தண்ணீரைத் திருப்ப, அவரவர் கொல்லைக்கு ஓடினார்கள். நிலம் இல்லாதவர்கள் ஓட இடமில்லாமல் கரைமேல் ஏறிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். முனியம்மாள் தலைத்துண்டை உருவி எறிந்துவிட்டு, "என் கொல்லி நனையுது, என் கொல்லி நனையுது" என்று சின்னப்பெண் மாதிரி ஓடினாள்.

அம்சவள்ளி குழிக்குள் குதித்தாள்.

தலையில் போட்டிருந்த யூரியா சாக்கை எடுத்துத் திட்டின்மேல் கவிழ்த்தாள். அதன்மேல் மண் கூடையைக் கவிழ்த்தாள். சுற்றி நாலு பனையோலை செருகினாள். மேலே காப்பாற்றியாகிவிட்டது, ஆனால் கீழே குழியில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. அடி கரைந்தால் மேலே குடை பிடித்து என்ன பிரயோசனம்? இரும்புச் சட்டியை எடுத்து மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். ஒரு சட்டி ஊற்றுவதற்குள் நாலு சட்டி உள்ளே வந்தது.

"உடு, அம்சா" என்று கரையிலிருந்து சவுரிராயன் கத்தினான். "இடி இடிக்குது. உட்டுட்டு மேல வா."

மழை முகத்தில் அறைந்தது. மாதாவே, இத்தனை நாளும் வராத தண்ணீர் இன்றைக்குத்தானா வரவேண்டும் என்று வாய்விட்டுத் திட்டினாள். திட்டிக்கொண்டே மொண்டாள்.

சவுரிராயன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். முதலில் மண்வெட்டியால் குழியைச் சுற்றி அரையடி உயரத்துக்கு வரப்பு போட்டு வெளித் தண்ணீரை நிறுத்தினான். அப்புறம் உள்ளே குதித்து, இன்னொரு சட்டியை எடுத்து அவள் பக்கத்தில் நின்று மொண்டான். ஒரு மணி நேரம் இருவரும் மொண்டு ஊற்றினார்கள். மழை விட்டபோது அவர்கள் கை மரத்துப்போயிருந்தது. கூடைக்குக் கீழே திட்டு நின்றது.

நாலு மணிக்கு ஜீப் வந்தது. ஓவர்சியர் குடையோடு இறங்கிக் கரைமேல் நின்று பார்த்தார். முப்பத்தேழு குழிகளில் சேறும் தண்ணீரும் தளும்பிக்கொண்டிருந்தன. திட்டு என்று சொல்ல ஒன்றும் இல்லை. நேர்மையாக வெட்டினவன் திட்டு, புல்கட்டி வைத்தவன் திட்டு என்று மழை பேதம் பார்க்கவில்லை. கொல்லைக்கு ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, தங்கள் குழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். முகத்தில் மழை பார்த்த சந்தோஷம் பாதியும் இந்தப் பயம் பாதியுமாக இருந்தது.

"திட்டு எங்கய்யா?" என்றார் ஓவர்சியர்.

"கரைஞ்சி பூட்ச்சி சார்."

"திட்டு இல்லன்னா நான் எதை அளக்கறது? ஆபீஸ்ல இன்னான்னு எழுதறது?"

அப்போதுதான் கவிழ்த்த கூடை அவர் கண்ணில் பட்டது. கூடையை எடுக்கச் சொன்னார். முதலில் அவருக்குச் சந்தேகம். முப்பத்தேழு போன இடத்தில் ஒன்று மட்டும் நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? திட்டின் தலைப் புல்லைப் பிடித்து இழுக்கச் சொன்னார். சவுரிராயன் இழுத்தான். வேர் ஆழமாகப் பிடித்திருந்தது, வரவில்லை. டேப் பிடித்தார்கள். மூன்றடி ஓர் அங்குலம்.

"பேர் இன்னா?"

"சவுரிராயன், அம்சவள்ளி சார்."

கூப்பன் புத்தகத்தை எடுத்துத் தொடைமேல் வைத்து எழுதினார். அம்சவள்ளியின் கண் அந்தப் பேனாமேலேயே இருந்தது. கிழித்துக் கொடுத்துவிட்டால் போதும். ரேஷன் கடை ஆறு மணிவரை உண்டு. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய்விடலாம்.

கிழிக்கப் போகும் நேரத்தில் டீக்கடைப் பெரியசாமி முன்னால் வந்தார். கடையில் வியாபாரம் செத்த பிறகு அவரும் மண் சுமக்கிறவர்தான். "சார், எல்லாரும் ஒரே நாள்ல எறங்கி ஒண்ணாத்தான் வெட்னோம். அவங்க அளவையே எல்லாருக்கும் போட்டுடுங்க. புள்ள குட்டிக்காரங்க சார்."

ஓவர்சியர் கையை நிறுத்தினார். மோசமான மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஒருத்தர் இருந்தார், அவருக்கும் மேலே இன்னொருத்தர் இருந்தார். சிறிது யோசித்துவிட்டு அம்சவள்ளியைப் பார்த்தார்.

"திட்டைக் காப்பாத்தினவ நீ. நீ சொல்லு. எல்லாக் குழியும் உன் ஆழம்தானா? ஆமான்னு சொன்னா ஒரே ஒரு குழில கம்பிய உட்டுப் பாப்பேன். அதுல கொறஞ்சிச்சோ, உன் கூப்பனையும் சேத்துக் கிழிச்சிப் போட்டுடுவேன். யோசிச்சிச் சொல்லு."

முப்பத்தேழு வீட்டு ஜனமும் அவளையே பார்த்தது. அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மழை வந்ததும் ஆடினீர்களே, ஓடினீர்களே, ஒருத்தராவது இந்தக் குழிப் பக்கம் எட்டிப் பார்த்தீர்களா? என் பிள்ளையை ரயிலேற்றிவிட்டு உங்கள் பானையை நான் நிரப்ப வேண்டுமா? முனியம்மாள் வாய் திறந்து கெஞ்சவில்லை. தரையில் கிடந்த துண்டைத் தேடி எடுத்து, சேற்றோடு அதைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டாள்.

என் குழி மட்டும்தான் சார் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் நாளைக்கு மேரி வந்து உட்காருவாள். ஊரில் ஒரு வீட்டில் மட்டும் உலை கொதிக்கும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்கும்போது, கதவைச் சாத்திக்கொண்டா இவளுக்குச் சோறு போடுவது?

"எல்லாம் மூணடிதான் சார்" என்றாள்.

சவுரிராயன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பைத்தியமா உனக்கு என்று கேட்கிற பார்வை.

ஓவர்சியர் அடிக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்ட இரும்புக் கம்பியை ஜீப்பிலிருந்து எடுக்கச் சொன்னார். மறு கோடிக்குப் போய்க் கரையோரமாகத் திரும்பி நடந்தார். பெரியசாமியின் குழியைத் தாண்டினார். அது மூன்றடி இருக்கும், அங்கே நின்றிருக்கலாம். அதற்கடுத்ததையும் தாண்டினார். முனியம்மாளின் குழிக்கு நேராக வந்து நின்றார்.

"இதுல பாக்கலாம்."

விழுப்புரம் ஸ்டேஷனும், ஜன்னலோரத்தில் மேரியும், நகர்கிற வண்டியும் அம்சவள்ளியின் கண்முன்னால் வந்தன.

ஓவர்சியர் காலில் ஷூ போட்டிருந்தார். அந்தச் சேற்றில் இறங்க அவருக்கு மனசில்லை. பக்கத்தில் நின்ற சவுரிராயன் கையில் கம்பியைக் கொடுத்தார். "நடுவுல எறங்கி நேராக் குத்து."

தரை மட்டத்துக்கு இரண்டு பேர் குறுக்கே கயிறு பிடித்தார்கள். சவுரிராயன் இறங்கிக் கம்பியைச் சேற்றுக்குள் விட்டான். கம்பி வழுக்கிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நின்றது. இரண்டாவது வெள்ளைக் கோடு கயிற்றை உரசிக்கொண்டிருந்தது. குழியின் அடி அவ்வளவுதான். அது அம்சவள்ளிக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

அவன் மூச்சைப் பிடித்தான். பதினோரு வருஷம் மில்லில் மூட்டை ஏற்றிய தோள் அது. வெளியே ஒன்றும் தெரியாதபடி, முதுகைக்கூட வளைக்காமல், உடம்பின் பாரம் முழுவதையும் இரண்டு கையில் இறக்கினான். கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. மழையில் ஊறிய களிமண் மெதுவாக வழிவிட்டது. விரல் விரலாகக் கம்பி இறங்கியது. மூன்றாவது கோடு வந்து கயிற்றில் நின்றது.

"மூணடி சார்" என்றான்.

"எடு பாப்போம்."

இழுத்தான். கம்பி வரவில்லை. சேற்றில் விட்ட கம்பி ஒரு விரலுக்கு வந்துவிட வேண்டும். அவன் இரண்டு தடவை அசைத்து, முக்கி இழுக்க வேண்டியிருந்தது. வந்தபோது அதன் நுனியில் ஓரடிக்கு, யாரும் வெட்டாத மஞ்சள் களிமண் இறுகி அப்பிக்கொண்டிருந்தது.

ஓவர்சியர் அந்த நுனியைப் பார்த்தார். சவுரிராயன் கையைப் பார்த்தார். கரைமேல் இருந்த ஜனத்தைப் பார்த்தார்.

"நீ இன்னா வேலை பாத்தவன்?"

"மல்லாட்டை மில்லுல மூட்டை தூக்கினேன் சார்."

"தெரியுது" என்றார் ஓவர்சியர். குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, கம்பி நுனியைத் தானே நன்றாகத் துடைத்து, ஜீப்புக்குள் போட்டார். பிறகு கூப்பன் புத்தகத்தைத் திறந்தார்.

முப்பத்தெட்டுக் கூப்பனும் கிழிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கடைசிக் கூப்பனைக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "இன்னியோட வேலை முடிஞ்சிது. மழை பேஞ்சிடுச்சின்னா நிவாரணம் கெடையாது. ஆர்டர் அப்பிடித்தான்."

"மல்லாட்டை வெளஞ்சி வர நாலு மாசம் ஆவுமே சார்" என்றார் பெரியசாமி.

"எனக்குத் தெரியும்யா. ஆர்டருக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு ஓவர்சியர் ஜீப்பில் ஏறினார்.

ரேஷன் கடையில் முனியம்மாள் அம்சவள்ளிக்குப் பின்னால் நின்றாள். "திங்கக்கெழமை ஏர் கட்டறோம். நீயும் சவுரியும் வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் அம்சவள்ளியும் எதிர்பார்க்கவில்லை.

வீட்டில் சவுரிராயன் அரிசியைப் பானையில் கொட்டிக் கையால் அளைந்து பார்த்தான். "மொத பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் பஸ் மாறி விழுப்புரம் போகும்வரை இரண்டு பக்கமும் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. ரயில்வே குடியிருப்பில் கார்டு வீட்டு வாசலில் சாமான்கள் கட்டிக் கிடந்தன. காந்திமதி அவளை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள்.

"எங்களோட வந்தா அவளுக்குக் கொறை இருக்காது. பள்ளிக்கூடத்துலகூடச் சேக்கலாம்னு இருந்தேன். அவளையே கேட்டுப் பாரு" என்றாள். நல்ல மாதிரி சொன்னாள். அதனால்தான் அம்சவள்ளி காப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

மேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். கன்னம் உப்பியிருந்தது. தலையில் எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தது. ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று அம்சவள்ளி நினைத்தாள். மேரி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"ஊட்ல சோறு கீதாம்மா?"

"கீது."

"எத்தினி நாளிக்கு?"

ஒன்பது வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? நேற்று முப்பத்தேழு குழிக்குக் கூசாமல் பொய் சொன்னவளுக்கு இங்கே பொய் வரவில்லை.

"பன்னெண்டு நாளிக்கு" என்றாள்.

மேரி உதட்டுக்குள் பன்னிரண்டுவரை எண்ணிப் பார்த்தாள். குழந்தையைக் காந்திமதியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் ஒரு மஞ்சள் பையோடு திரும்பி வந்தாள். பையின் வாய் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"அதுக்குள்ளயா எல்லாத்தையும் கட்டிட்ட?" என்று அம்சவள்ளி கேட்டாள்.

"நான் கார்டு எழுதிப் போட்ட அன்னிக்கே கட்டி வெச்சிட்டா" என்றாள் காந்திமதி.